பிராட்மனா, பேப் ரூத்தா? – சிங்கப்பூர்த் திடல்களில் ஒரு சுற்று

சிங்கப்பூருக்குப் போய்வரும் நம்மவர்கள் ஊர் திரும்பியதும் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தேக்காவில் சாமான் வாங்கியது, சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் ஏறி இறங்கியது, வீரமாகாளியம்மனுக்கு அர்ச்சனை செய்தது, பெருமாள் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த ஊரைப் பார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. அது திடல்களின் வழி. கையில் காசு அதிகம் தேவையில்லை. காலில் கொஞ்சம் வலு இருந்தால் போதும். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். அவர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேரர் பார்க், பாலஸ்டியர், பாடாங் ஆகிய மூன்று திடல்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பார்க்கும்போது ஒரு பழைய வாதத்தையும் கூடவே தீர்த்துக்கொள்ளலாம். மட்டை பிடித்தவர்களில் உலகிலேயே பெரியவர் யார்? கிரிக்கெட்டின் பிராட்மனா, அமெரிக்கர்கள் உயிராய் நேசிக்கும் பேஸ்பால் ஆட்டத்தின் பேப் ரூத்தா?

சுண்ணாம்புக் கம்பத்தில் தொடங்குவோம்

ஜொகூர் பாருவிலிருந்து வருகிறவர்களை 170 ஆம் எண் பேருந்து குயீன் ஸ்திரீட் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம். பசியாறிவிட்டுக் கிளம்புவது உத்தமம். இட்டிலியும் தேத்தண்ணியும் கிடைக்காத சந்து அங்கே கிடையாது.

இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் இந்த வட்டாரத்தை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடம். எருமைத் தொழுவங்களும் இருந்தன என்பதற்குப் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களே சாட்சி. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயரும் காரணப் பெயர்தான். 1842 இல் இங்கே வெள்ளைக்காரர்கள் குதிரைப் பந்தயத் திடல் அமைத்தார்கள். பந்தயம் 1933 இல் புக்கிட் தீமாவுக்கு மாறிப் போயிற்று. குதிரைகள் ஓடிய வெளியில் மனிதர்கள் ஓடத் தொடங்கினார்கள். அதுதான் பேரர் பார்க்.

இந்த மண்ணில் நின்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். 1942 பிப்ரவரி 17 ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த இரண்டாம் நாள், பிரிட்டிஷ் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேரை இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அங்கே நடந்தது. பின்னர் நேதாஜி வந்து அதை நடத்தியபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வாளியை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த இளைஞர்களும் இளம் பெண்களும் எத்தனையோ பேர். நம் வீடுகளில் அந்தக் கதை சொல்லும் பாட்டிமார் இன்று அருகிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் காட்டிச் சொன்னால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் இந்த வட்டாரத்தின் முகமே வேறு. கட்டடங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ஆறு நாள் உழைத்த தமிழகத்துப் பிள்ளைகளும் வங்கதேசத்துப் பிள்ளைகளும் இங்கே வந்து குவிகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பியாயிற்று, பேசியாயிற்று, சாப்பிட்டாயிற்று என்றால் அடுத்த ஆசை கிரிக்கெட்தான். புல் தரை எங்கே வெறுமையாக இருக்கிறதோ அங்கே மட்டையும் பந்தும் வந்துவிடும். ஸ்டம்புக்குப் பதில் ஒரு பெட்டியோ தண்ணீர்ப் போத்தலோ. ஆட்டம் மட்டும் அசல்.

அப்படியொரு ஞாயிறு சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் நடந்த உரையாடல்தான் இந்தக் கட்டுரைக்கு வித்து. பேரனுக்குப் பதினான்கு வயதிருக்கும். பள்ளியில் சாப்ட்பால் ஆடுகிறவன். அந்த ஆட்டம் பேஸ்பாலின் தங்கை. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சிலே தெரிந்தது.

“பேப் ரூத் 714 ஹோம் ரன் அடிச்சிருக்காரு, தாத்தா. உங்க பிராட்மன் எத்தனை சிக்ஸர் அடிச்சாரு?”

“சிக்ஸர் அடிக்கிறதா தம்பி பெருமை? அவுட் ஆகாம நிக்கிறது பெருமை. பிராட்மன் இறங்கினா எதிராளிங்க சாயங்காலம் வரைக்கும் வெயில்ல காய வேண்டியதுதான்.”

“எங்க ஆட்டத்துல அப்படி நிக்கவே முடியாது தாத்தா. பத்துல மூணு தடவ அடிச்சாலே அவன் பெரிய ஆளு.”

தாத்தா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, “பத்துல ஏழு தடவ தோத்தவனா பெரிய ஆளு?” என்று சிரித்தார். பேரன் விடவில்லை. வாதம் முடியுமுன் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். வாதத்தை நாம் தொடரலாம்.

ஆட்டம் வேறு, அடி ஒன்று

பேஸ்பாலை நம் தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

பக்கத்துக்கு ஒன்பது பேர். மைதானம் வைரக்கல் வடிவம். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். ஒன்றுக்கொன்று 90 அடி. நடுவில் சிறு மேட்டில் ஒருவர் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பந்தை எறிவார். தரையில் குத்தாமல் நேரே வரும் பந்தை உருண்டை மட்டையால் அடிக்க வேண்டும். அடித்தவர் மூன்று தளங்களையும் சுற்றித் தாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். வேலிக்கு அப்பால் பறக்கும் அடிக்கு ஹோம் ரன் என்று பெயர்; நம் சிக்ஸருக்கு அது அண்ணன். மூவர் ஆட்டமிழந்தால் அடுத்த அணி மட்டையைப் பிடிக்கும். இப்படி ஒன்பது சுற்று.

முக்கியமான வேறுபாடு இரண்டு. கிரிக்கெட்டில் அடித்தவர் ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல பந்தை மரியாதையாகத் தடுத்துவிட்டு நிற்கலாம். பேஸ்பாலில் மைதானத்துக்குள் அடித்தால் ஓடியே தீர வேண்டும். ஆகவே பேரன் சொன்னது சரி. பத்து முறை இறங்கி மூன்று முறை வெற்றி கண்டால் அங்கே அவர் தேர்ந்த வீரர். இரண்டாவது, கிரிக்கெட்டில் கை முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிந்தால் குற்றம். பேஸ்பாலில் எறிவதுதான் தொழிலே. இந்த இரண்டாவது வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மலையகத்துப் பிள்ளை ஒருவரின் கதை அதில் வரப் போகிறது.

அமெரிக்கரின் கரும்புத் தோட்டம்

பெருமாள் கோயிலைத் தாண்டிச் சிராங்கூன் சாலையிலேயே வடக்கே நடந்தால் பாலஸ்டியர் சாலை பிரியும் முனை வரும். நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். இந்தச் சாலையில்தான் சிங்கப்பூர் இந்தியர் சங்கத்தின் திடலும் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் திடலும் இருக்கின்றன. இந்தியர் சங்கம் 1923 இல் தொடங்கியது. சிலோன் கிளப் 1928 இல். கால்சா சங்கமும் பக்கத்திலேதான். தமிழரும் சீக்கியரும் யாழ்ப்பாணத்தவரும் வெள்ளை உடுப்புப் போட்டுக் கிரிக்கெட் ஆடிப் பேர் வாங்கிய மண் இது.

ஆனால் பாலஸ்டியர் என்பது யார் பெயர் தெரியுமா? ஜோசப் பாலஸ்டியர் என்ற அமெரிக்கரின் பெயர். சிங்கப்பூருக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் தூதர் அவர். 1830களில் வந்தவர் தூதர் வேலையோடு நில்லாமல் இங்கே ஆயிரம் ஏக்கரில் கரும்புத் தோட்டம் போட்டார். அவர் மனைவி மரியா, அமெரிக்க விடுதலைப் போரில் பேர்பெற்ற பால் ரெவியரின் மகள். தந்தையார் குடும்பத்து வார்ப்படச் சாலையில் வார்த்த மணி ஒன்றை 1843 இல் அவர் புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்கு அளித்தார்.

கரும்பு இனித்தது, கணக்கு இனிக்கவில்லை. விளைந்த சர்க்கரைக்குச் சந்தையில் வரிச் சலுகை கிடைக்கவில்லை. 1848 இல் தோட்டம் நொடித்தது. துரை போய்விட்டார், பெயர் மட்டும் சாலையில் நின்றுவிட்டது. தோட்டம் விற்றுப் போவதும், துரைமார் மாறுவதும், பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் மிஞ்சுவதும் நமக்குப் புதிதா என்ன? கித்தா மரம் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடு என்று பார்த்துப் பழகியவர்கள்தானே நாம். ஆனால் பாலஸ்டியரில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. தோட்டம் இருந்த பக்கத்தில் பிற்காலத்தில் திடல்கள் பிறந்தன. ஓர் அமெரிக்கரின் கரும்புக் கொல்லை வட்டாரத்தில் நம்மவர் கிரிக்கெட் மட்டை பிடித்தார்கள். அமெரிக்காவின் ஆட்ட வீரரையும் நம் ஆட்ட வீரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

இரண்டு ஏழைப் பந்துகள்

டொனால்ட் பிராட்மன் ஆஸ்திரேலியாவில் 1908 இல் பிறந்தவர். பௌரல் என்ற சிற்றூரில் சிறுவனாக இருந்தபோது அவருக்கு விளையாட ஆள் கிடையாது. கிரிக்கெட் ஸ்டம்பு ஒன்றை மட்டையாகப் பிடித்துக்கொண்டு, கோல்ப் பந்து ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் எறிவார். அது எந்தப் பக்கம் தெறிக்குமோ தெரியாது. தெறிக்கும் பந்தைக் குச்சியால் அடிப்பார். மணிக்கணக்கில் இதே வேலை. இந்தக் குச்சி பழக்கிய கண்தான் பிற்காலத்தில் 52 டெஸ்டுகளில் 6,996 ஓட்டங்களும் 29 சதங்களும் குவித்தது. சராசரி 99.94.

ஜார்ஜ் ஹெர்மன் ரூத் என்ற பேப் ரூத் 1895 இல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தவர். தகப்பனார் மதுக்கடை நடத்தினார். தெருவில் திரிந்த பிள்ளையை அடக்க முடியாமல், ஏழு வயதிலேயே அனாதைகளும் அடங்காப் பிள்ளைகளும் தங்கும் தொழிற்பள்ளியில் விட்டுவிட்டார்கள். அங்கேயிருந்த துறவி ஒருவர் பையனின் கையில் மட்டையைக் கொடுத்தார். அந்தப் பையன்தான் 714 ஹோம் ரன் அடித்தார். அதற்கு முன் பந்து எறிபவராகவும் 94 ஆட்டங்களை வென்று கொடுத்தவர்.

வெவ்வேறு ஆட்டக்காரர்களை எந்தத் தராசில் நிறுப்பது? ஓட்டத்தையும் ஹோம் ரன்னையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒருவர் தம் காலத்து மற்ற வீரர்களைவிட எவ்வளவு தூரம் முன்னே நின்றார் என்று பார்ப்பதுதான் நியாயம். 1920 ஆம் ஆண்டு ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். அவருடைய லீக்கில் அவருக்கு அடுத்து வந்தவர் அடித்தது 19. ஒரு போட்டியில் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இவ்வளவு இடைவெளி என்றால் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பிராட்மன் கதையும் அப்படியே. டெஸ்ட் ஆட்டத்தில் நெடுங்காலம் ஆடிய பெரிய மட்டையாளர்களுக்குச் சராசரி 50 என்றால் அதுவே புகழ்; 60 ஐத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். பிராட்மன் நூற்றின் வாசலில் நிற்கிறார்.

ரூத்தின் 714 ஐ 1974 இல் ஹாங்க் ஆரன் தாண்டினார். ஆரனின் 755 ஐ 2007 இல் பாரி பாண்ட்ஸ் தாண்டினார். பிராட்மனின் 99.94 ஐ இன்றுவரை ஒருவரும் நெருங்கவில்லை. இந்தக் கணக்கில் தாத்தா கட்சிக்குத்தான் வெற்றி. ஆனால் பேரனுக்கும் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. பிராட்மன் பந்து வீசி ஆட்டங்களை வென்றவரில்லை. ரூத் இரண்டு வேலையும் செய்தார். நம் பக்கத்தில் அதற்கு இணை தேடினால் சோபர்ஸையும் கபில் தேவையும்தான் சொல்ல வேண்டும்.

இருவரும் நேரிலும் சந்தித்தார்கள். 1932 இல் ஆஸ்திரேலிய அணியோடு அமெரிக்கா போன பிராட்மனை நியூயார்க்கின் யாங்கி அரங்கத்தில் ரூத் பக்கத்தில் உட்காரவைத்து ஆட்டம் பார்த்தார். மூன்று ஆண்டு கழித்து ரூத் லண்டனில் கிரிக்கெட் மட்டையைப் பிடித்தும் பார்த்தார். இன்னொரு விசித்திரம். 1948 ஆகஸ்ட் 14 ஆம் நாள் பிராட்மன் தம் கடைசி டெஸ்டில் இறங்கினார். நான்கே நான்கு ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி முழுசாய் நூறு. இரண்டாவது பந்தில் பூஜ்யம். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, பேப் ரூத் காலமானார்.

பாடாங்கில் பறந்த பந்துகள்

பாலஸ்டியரிலிருந்து பேரர் பார்க் நிலையத்துக்குத் திரும்பி, ரயிலேறித் தோபிகாட்டில் மாறினால் சிட்டி ஹால் நிலையம் அடுத்தது. வெளியே வந்தால் தேவாலயம். அதைத் தாண்டினால் பச்சைக் கம்பளம் விரித்த பாடாங். ஒரு பக்கம் பழைய நகர மண்டபமும் உச்ச நீதிமன்றமும் இருந்த கட்டடங்கள். 2015 முதல் தேசியக் கலைக்கூடம். 1943 ஜூலை 5 ஆம் நாள் நேதாஜி இந்தத் திடலில்தான் டில்லியை நோக்கிப் புறப்படும்படி முழங்கினார். சிங்கப்பூரின் முதல் தேசிய தின அணிவகுப்பு 1966 இல் நடந்ததும் இங்கேதான். 2022 இல் இந்தத் திடலையே தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள்.

பாடாங்கின் இரண்டு கோடியிலும் இரண்டு கிளப்புகளைக் காணலாம். ஒன்று 1852 இல் பிறந்த சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப். அது வெள்ளைக்காரருக்கென்று தொடங்கியது. எதிர்க்கோடியில் 1883 இல் பிறந்த ரிக்ரியேஷன் கிளப், அது யுரேஷியர்களுடையது. நடுவில் புல் ஒன்றுதான். ஆனால் யார் எந்தக் கோடியிலிருந்து இறங்கலாம் என்பதற்குத் தோலின் நிறம் கணக்குச் சொன்ன காலம் அது. இந்தியரும் இலங்கையரும் பாலஸ்டியரில் தங்களுக்கெனத் திடல் தேடிக்கொண்டதன் பின்னணியும் இதுதான். இன்று அந்தச் சட்டங்கள் இல்லை. எல்லா இனத்தவரும் உறுப்பினர்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே நுழைய முடியாது என்றாலும், வார இறுதியில் ஆட்டம் நடந்தால் நடைபாதையில் நின்றே நன்றாகப் பார்க்கலாம்.

1996 ஏப்ரலில் இந்தப் புல்வெளியில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் மூன்றும் மோதின. இலங்கை உலகக் கோப்பை வென்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 2 ஆம் நாள் மாத்தறையில் பிறந்த சனத் ஜயசூரிய பாகிஸ்தான் பந்துவீச்சைப் பிரித்து மேய்ந்தார். 48 பந்தில் சதம். அன்றைக்கு அது உலக சாதனை. மொத்தம் 65 பந்தில் 134. அதில் 11 சிக்ஸர். திடல் சிறியது, அடி பெரியது. பேப் ரூத் பார்த்திருந்தால் ஆட்டம் புரியாவிட்டாலும் ஆளைப் புரிந்துகொண்டிருப்பார்! ஏப்ரல் 5 அன்று டெண்டுல்கரும் இங்கே ஒரு சதம் போட்டார்.

ஏப்ரல் 7 ஆம் நாள் இறுதி ஆட்டம். ஜயசூரிய 17 பந்தில் அரைசதம் அடித்தார். அந்த வேகத்தை முறியடிக்க 2015 வரை, டி வில்லியர்ஸ் வரும்வரை, உலகம் காத்திருந்தது. முதல் விக்கெட் விழுந்தபோது இலங்கை 70. அதில் ஆட்டமிழந்த களுவிதாரணவின் பங்கு பூஜ்யம்! ஆனால் 28 பந்தில் 76 அடித்து ஜயசூரிய வெளியேறியதும் அணி சரிந்தது. பாகிஸ்தானின் 215 ஐ எட்ட முடியாமல் 172 இல் சுருண்டது. ஒரு மனிதன் எத்தனை பெரியவனானாலும் பதினொரு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தைத் தனியே ஆட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொரு சேதி. அந்த ஆட்டங்களுக்குச் சில நாள் முன்பு, 1996 மார்ச் 16 அன்று, சிங்கப்பூரில் ஒரு குழந்தை பிறந்தது. டிம் டேவிட் என்ற அந்தப் பிள்ளை முதலில் சிங்கப்பூருக்கு ஆடி, பிறகு ஆஸ்திரேலியாவுக்கு ஆடி, 2025 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 37 பந்தில் சதம் அடித்தார்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

பிராட்மனையும் ரூத்தையும் பற்றிப் பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அவர்கள் ஆடிய காலத்தில் ஆட விடப்படாதவர்கள் இருந்தார்கள். ரூத் அடித்த 714 இல் ஒன்றுகூட அவருடைய லீக்கில் கறுப்பர் எறிந்த பந்தில் அடித்ததல்ல. ஏனென்றால் கறுப்பரை அந்த லீக்கில் சேர்க்கவே இல்லை. அந்தக் கதவை 1947 ஏப்ரல் 15 ஆம் நாள் திறந்தவர் ஜாக்கி ராபின்சன். ஜார்ஜியா மாநிலத்தில் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போய் வீட்டு வேலை செய்து வளர்த்தார். புரூக்ளின் அணிக்கு ராபின்சன் ஆடியபோது வசையும் மிரட்டலும் வந்தன. அவர் மட்டையால் பதில் சொன்னார். இன்று அமெரிக்காவின் பெரிய லீக்கில் எந்த அணியும் புதிதாக எவருக்கும் 42 ஆம் எண் சட்டையைக் கொடுப்பதில்லை. அது ராபின்சனின் எண்.

நம் பக்கத்து ராபின்சன் அவருக்கும் முந்தியவர். 1876 இல் தார்வாரில் பிறந்த பல்வங்கர் பாலு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்து, பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை உருட்டும் வேலை பார்த்தவர். மட்டை பிடிக்கும் துரைமாருக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசி மாபெரும் சுழல்பந்து வீரரானார். இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இடைவேளையில் அவருக்குத் தேநீர் மண்டபத்துக்கு வெளியே, தனிக் குவளையில். 1911 இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். இருந்தும் இந்து அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. 1923 இல் அவர் தம்பி விட்டல் அந்தப் பதவியில் அமர்ந்தார்.

கிழக்கே ஜப்பானில் சடஹாரு ஓ. தகப்பனார் சீனர், தோக்கியோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பள்ளி நாளில் ஜப்பானியக் குடிமகன் அல்ல என்று சொல்லித் தேசியப் போட்டி ஒன்றில் பையனை ஆட விடவில்லை. அந்தப் பையன் ஒற்றைக்காலைத் தூக்கிக் கொக்கு மாதிரி நின்று 868 ஹோம் ரன் அடித்தார். ரூத்தும் ஆரனும் அமெரிக்க லீக்கில் அடித்ததைவிட அது அதிகம்.

இப்போது நம் மலையகத்துப் பிள்ளைக்கு வருவோம். 1920 இல் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனார். அவருடைய பேரன் 1972 இல் கண்டியில் பிறந்தார். முத்தையா முரளிதரன். பிறவியிலேயே நிமிராத முழங்கை. 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் ஒருவர், அவர் பந்து வீசவில்லை, எறிகிறார் என்று திரும்பத் திரும்பக் குற்றம் சாட்டினார். பேஸ்பாலில் தொழிலான ஒன்று கிரிக்கெட்டில் பழியானது. முரளி ஆய்வுக் கூடத்துக்குப் போய்க் கையைக் காட்டினார், அளந்து பார்த்தார்கள், கடைசியில் விதியையே திருத்தி எல்லாப் பந்து வீச்சாளருக்கும் 15 பாகை வரை அனுமதி என்றார்கள். 2010 ஜூலையில் காலியில் கடைசி டெஸ்டில், தம் கடைசிப் பந்தில், 800 ஆவது விக்கெட். வேறு எவரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

நம் மலாயாவும் சும்மா இல்லை. 1909 இல் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் 1932 இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் இடம்பெற்றார். பந்தைப் பாய்ந்து எடுத்து இங்கிலாந்தின் வூலியை ரன் அவுட் ஆக்கியவர் அவர்தான். இரண்டாவது இன்னிங்ஸில் அமர் சிங்கோடு சேர்ந்து விறுவிறுவென்று 74 ஓட்டம் சேர்த்தார். பிற்காலத்தில் கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தார். 1985 இல் மறைந்தார். ஆடுகளத்தை உருட்டிய பாலு வீரரானார். வீரராக இருந்த லால் சிங் ஆடுகளத்தைக் காத்தார்.

யார் பெரியவர்?

பிராட்மனா, ரூத்தா என்ற கேள்விக்கு விடை வேண்டும் என்பவர்களுக்கு நம் தீர்ப்பு இதுதான். தனியாளாகத் தம் காலத்தவரைத் தாண்டி நின்றதில் பிராட்மன் ஒரு படி மேல். இரண்டு வேலையும் செய்து ஆட்டத்தின் போக்கையே மாற்றியதில் ரூத் ஒரு படி மேல். ஆனால் மைதானத்து வாசலையே முதலில் உடைக்க வேண்டியிருந்தவர்களை இருவருக்கும் மேலே வைக்க வேண்டும். பிராட்மனுக்குச் சுவரும் கோல்ப் பந்தும் இருந்தன. பாலுவுக்கு மைதானமே இருந்தது. உருளையோடு மட்டும் இருந்தது.

பேரர் பார்க் திடலின் ஒரு பகுதி இன்று குடியிருப்புக் கட்ட எடுக்கப்பட்டிருக்கிறது. வீடு தேவைதான், மறுப்பதற்கில்லை. நம் பக்கத்திலும் தோட்டம் விற்கப்படும்போது லயத்தைப் பற்றிப் பேசுகிறோம், கோயிலைப் பற்றிப் பேசுகிறோம், தமிழ்ப்பள்ளியைப் பற்றிப் பேசுகிறோம். திடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கிராணி மகனும் வெட்டுக்காரர் மகனும் ஒன்றாய்ப் பந்தடித்த இடம் அதுதான். பட்டணத்து அடுக்குமாடியில் அந்தப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை சிங்கப்பூர் போனால் நகைக்கடைக்கு ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் ஏறுமுன் பேரர் பார்க், அப்புறம் பாலஸ்டியர், மாலை நான்கு மணிக்கு மேல் பாடாங். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாலுவின் கதையையும் முரளியின் கதையையும் போகிற வழியிலேயே சொல்லிவிடுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் வட்டாரத்தில் ஒரு திடல் இன்னும் மிச்சமிருந்தால், அதன் புல்லை யார் வெட்டுகிறார்கள், பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்து வையுங்கள்.